காணாமல் போன தேதி

கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவகத்தின் பன்னிரண்டு தூண்களில் 24,000க்கும் மேற்பட்ட படைவீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. எங்கே புதைக்கப்பட்டார்கள், எங்கே எரிக்கப்பட்டார்கள் என்று தெரியாதவர்கள் அவர்கள். கல்லில் பெயர் மட்டும்தான் உண்டு. இறந்த தேதி வேண்டுமானால் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். புரட்டினால் இந்தியப் படையினரின் பெயர்களுக்கு எதிரே 1942 பிப்ரவரி 15 என்ற தேதி திரும்பத் திரும்ப வரும். புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்த நாள் அது. ஊர் விழுந்த அன்றே தாத்தாவும் விழுந்தார் என்று அதைப் பார்க்கும் பேரப்பிள்ளைகள் நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் நினைவகத்தைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் வேறு விளக்கம் தருகிறது. இவர்களில் பலருக்கு இறந்த தேதி தெரியாது. காணவில்லை என்றோ பிடிபட்டார் என்றோ அறியப்பட்ட நாளே அல்லது காலமே அவர்கள் பெயருக்கு எதிரே வைக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் பிப்ரவரி 15 என்பது பல இடங்களில் மரணத்தின் தேதியே இல்லை. கடைசியாகத் தகவல் இருந்த நாள் அது. மலாயாப் போரில் காணாமல் போன இந்தியச் சிப்பாய்களில் பெரும்பகுதியினரைத் தொலைத்தது போர்க்களம் மட்டும் இல்லை, காகிதமும்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம். காகிதம் அறுந்த இடங்களில் மிக முக்கியமான ஒன்று சிராங்கூன் சாலையின் ஓரத்தில் இருக்கிறது.

படையில் ஒருவர் ‘காணாமல் போகும்’ விதத்தை முதலில் பார்க்க வேண்டும். இந்திய ராணுவத்தில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஷீட் ரோல் என்ற பணித்தாள் உண்டு. பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா, மாவட்டம், சேர்ந்த நாள் எல்லாம் அதில் ஏறும். களத்தில் இருக்கும் பட்டாளம் ஆள்கணக்கு எடுத்து மேலே அனுப்பும். இறந்ததை இன்னொருவர் கண்ணால் பார்த்திருந்தால் இறந்தவர்; மருத்துவமனையில் ஒப்படைத்த சீட்டு இருந்தால் காயம்பட்டவர்; இரண்டும் இல்லையென்றால் காணாதவர். ஆகவே அந்தச் சொல், அன்று மாலை எழுத்தர் அறிந்தது எதுவரை என்பதைத்தான் சொல்கிறது. 1942 ஜனவரி 7 அன்று சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் 11ஆம் இந்திய டிவிஷனை ஊடுருவிச் சென்றபோது, அன்று மாலை கணக்கெடுக்கப் பல பட்டாளங்களே இல்லை. தப்பியவர்கள் காட்டுக்குள் சிதறினார்கள். அதே மாதம் மூவார் ஆற்றங்கரையில், பயிற்சி முடியாத இளைஞர்கள் நிறைந்த 45ஆம் இந்தியப் பிரிகேட் நொறுங்கியது. பின்னர் அது மீண்டும் அமைக்கப்படவே இல்லை. பிப்ரவரி 11 அன்று டயர்சால் பூங்காவில் இருந்த இந்திய ராணுவ மருத்துவமனை குண்டுவீச்சில் எரிந்து சுமார் 200 பேர் மாண்டனர். ஓலைக் கூரைக் கொட்டகைகளில் படுக்கையோடு எரிந்தவர்களின் சீட்டுகள் மட்டும் தப்பியிருக்குமா? இதுவரை நடந்தது எந்தத் தோல்வியிலும் நடக்கக்கூடியது. பிரிட்டிஷாரும் ஆஸ்திரேலியரும் இதே குழப்பத்தில்தான் சிக்கியிருந்தார்கள். அதன் பிறகு நடந்ததில்தான் வழிகள் பிரிந்தன.

பிப்ரவரி 17 அன்று இந்தியப் படையினர் ஃபேரர் பார்க்கில் கூடும்படி உத்தரவு வந்தது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் சாங்கிக்கு நடக்க வேண்டும். இந்தியர்கள் தனியே ஃபேரர் பார்க்குக்குப் போக வேண்டும். பழைய குதிரைப் பந்தயத் திடல் அது. 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிய பிறகு விளையாட்டுத் திடலாக இருந்தது. சிராங்கூன் சாலையின் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில் இருந்து சில நிமிட நடை. அன்று அங்கே கூடியவர்கள் 45,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பிரிட்டிஷ் தரப்பில் கர்னல் ஹன்ட் அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பேசினார். பிறகு கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவம் (ஐ.என்.ஏ.) அமைப்பது பற்றிப் பேசினார். வரலாற்று நூல்கள் இந்த நாளை ஐ.என்.ஏ.வின் பிறந்த நாளாகவே பார்க்கின்றன, அது சரிதான். ஆனால் ஆவணத்தைத் தேடுபவருக்கு இந்த நாளின் பொருள் இன்னொன்று. பட்டாளத்தின் கமாண்டரும் அட்ஜுடன்டும், அதாவது யார் யார் தன் கீழ் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டிய பொறுப்புள்ள அதிகாரிகள், பெரும்பாலும் பிரிட்டிஷார். அவர்கள் கிழக்கே சாங்கிக்குப் போனார்கள். சிப்பாய்கள் ஊருக்குள் தங்கினார்கள். ஆளும் ஆளின் கணக்கும் அன்று இரண்டாகப் பிரிந்தன.

பிரிந்ததன் விளைவைச் சாங்கியைப் பார்த்தால் அளக்கலாம். சாங்கி முகாமுக்குள் கைதிகளே ஒரு பதிவு விசாரணை அலுவலகத்தை நடத்தினார்கள். டேவிட் நெல்சன் என்பவர் அதை நடத்தியதில் முக்கியமானவர். யார் எந்தக் கோஷ்டியில் எங்கே அனுப்பப்பட்டார், யார் எங்கே இறந்தார் என்று அட்டை அட்டையாகப் போரின் முடிவு வரை தொகுத்தார்கள். ஆகவே 1945 செப்டம்பரில் விடுதலை வந்தபோது பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஓர் அலுவலகம் இருந்தது. இந்தியச் சிப்பாய்களோ நீ சூன், பிடாடாரி, செலேத்தார் போன்ற முகாம்களில் இருந்தார்கள். பிடாடாரி என்றால் மேல் சிராங்கூன் சாலையின் பழைய இடுகாடும் இன்றைய புதிய குடியிருப்பும்தான் நம் நினைவுக்கு வரும். 1942இல் இந்திய அதிகாரிகளை அங்கே கூட்டி மோகன் சிங் நிறைவேற்றிய தீர்மானங்களுக்கு ‘பிடாடாரி தீர்மானங்கள்’ என்றே பெயர். ஐ.என்.ஏ.வில் சேர்பவர் யார், மறுப்பவர் யார் என்பதுதான் அந்த மாதங்களில் எல்லாக் கணக்குகளையும் தீர்மானித்தது. ஒரே பட்டாளத்தின் ஆட்கள் முகாம் மாறி, அணி மாறிச் சிதறினார்கள். பட்டாளம் என்ற அலகின் மேல் கட்டப்பட்ட பதிவு முறைக்கு, பட்டாளமே இல்லாமல் போனது பெரிய அடி.

சேர மறுத்தவர்களில் பெரும் தொகையினர் தெற்கே கப்பலேற்றப்பட்டார்கள். 1943இல் சிங்கப்பூரிலிருந்து நியூ கினியின் வெவாக்குக்கு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 3,000 பேர். பட்டினி, மலேரியா, அடி, நேச நாடுகளின் குண்டுவீச்சு என்று எல்லாமாகச் சேர்ந்து அவர்களைக் கொன்றது. 12ஆம் ஃப்ரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்டின் ஜமேதார் சிந்த் சிங், 1945இல் அங்கோரம் என்ற இடத்தில் ஆஸ்திரேலியர் மீட்ட 11 பேரில் ஒருவர். போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்ல அவர் தங்கிவிட்டார். ஊருக்குக் கிளம்பிய மற்ற பத்துப் பேரும் அந்த நவம்பரில் விமானம் விழுந்து இறந்தார்கள். ஒரே ஒரு மனிதரின் நினைவும் குறிப்புகளும் எத்தனையோ பேரின் முடிவுக்கு ஆதாரமாக நின்ற காலம் அது. ரபாவுலில் ஆஸ்திரேலியர் நடத்திய விசாரணைகளில் ஜப்பானிய அதிகாரிகள் தரப்பு ஒரு வாதத்தைத் திரும்பத் திரும்ப வைத்தது: இந்த இந்தியர்கள் போர்க்கைதிகளே இல்லை, ஜப்பானியப் படையோடு சேர்ந்து உழைக்க முன்வந்தவர்கள். தன் ராணுவத்துக்கு விசுவாசமாக இருந்து, அதற்காகவே நாடுகடத்தப்பட்டுச் செத்தவனைக் கைதி என்று எழுதாமல் உழைப்பாளி என்று எழுதினால் அவனை அடித்தது குற்றமில்லை என்று ஆகிவிடும். எந்தப் பட்டியலில் பெயர் ஏறியது என்பது உயிரோடு இருந்தபோதே ஒருவனின் கதியைத் தீர்மானித்திருக்கிறது. இப்படி 1943க்கும் 1945க்கும் இடையில் நியூ கினியில் மாண்ட ஒருவர், சாட்சி சொல்ல யாரும் மிஞ்சாவிட்டால், பதிவேட்டில் 1942 பிப்ரவரி 15க்கே திரும்பிப் போக நேரும். இடையில் அவர் உயிரோடு கழித்த இரண்டு மூன்று ஆண்டுகளும், அவர் எடுத்த மிகக் கடினமான முடிவும் தேதியோடு சேர்ந்து அழிந்துவிடும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். பெருந்தோல்வி, பசி, காலரா, அந்நிய ஆட்சி. இதற்கு நடுவில் பதிவேட்டை எதிர்பார்ப்பது நியாயமா? நியாயம்தான் என்பதற்குச் சான்று சயாம் மரண ரயில். அதே பகைவன், அதே நோய்கள், இன்னும் மோசமான காடு. அங்கே இறந்த நேச நாட்டுக் கைதிகளின் கல்லறைகளைத் தேடி, போர் முடிந்த சில வாரங்களில் ஒரு சிறு குழு பாதை நெடுகப் போனது. கைதிகள் மறைத்து வைத்திருந்த குறிப்புகள் கையில் இருந்தன. 144 இடங்களில் 10,549 கல்லறைகளை அந்தக் குழு கண்டது. கண்டுபிடிக்க முடியாமல் போனவை 52 மட்டும். அதே தண்டவாளத்தின் ஓரத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் செத்தார்கள். கைதிகளைவிட மிக அதிகமாகச் செத்தார்கள். அவர்களின் எண்ணிக்கையைச் சொல்லும்போது ஒரு நூலுக்கும் இன்னொரு நூலுக்கும் இடையே பல்லாயிரம் வேறுபாடு இருக்கிறது. ஓர் இடத்தில் 52 என்று சொல்ல முடிகிறது. நூறு அடி தள்ளி ஆயிரங்களில்கூடத் துல்லியம் இல்லை. காட்டின் கொடுமை இருவருக்கும் பொது. ஒரு தரப்பினரோடு அவர்களுடைய அதிகாரியும் எழுத்தரும் மருத்துவரும் கடைசி வரை கூடவே இருந்தார்கள்; தோட்டத்திலிருந்து போனவரோடு கங்காணிகூட எல்லா இடத்திலும் இல்லை. சிப்பாயின் நிலை இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது. அவர் பெயர் போருக்கு முன்பே ஒரு தாளில் ஏறியிருந்ததால் பெயர் தப்பியது. பிறகு யாரும் எழுதாததால் முடிவு தொலைந்தது.

தமிழ்ச் சிப்பாய்க்குச் சிக்கல் இன்னொரு படி கூடுதல். ‘போர்க்குடிகள்’ என்ற பிரிட்டிஷ் கொள்கை தென்னிந்தியர்களைக் காலாட்படைக்கு லாயக்கற்றவர்கள் என்று ஒதுக்கியது. மதராஸ் காலாட்படைப் பட்டாளங்கள் 1920களில் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போர் வந்தபிறகுதான் மதராஸ் ரெஜிமென்ட் திரும்ப எழுந்தது. ஆகவே மலாயாவில் இருந்த தமிழரை ஜாட், ராஜபுத்திரர், கார்வாலி என்று பெயர் தாங்கிய பட்டாளங்களில் தேடிப் பயனில்லை. பாலம் கட்டியும் பாலம் தகர்த்தும் பின்வாங்கிய மதராஸ் சாப்பர்ஸ், லாரி ஓட்டிய ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர், மருத்துவமனைக் கோர், தளவாடக் கோர் போன்ற பிரிவுகளில்தான் தேட வேண்டும். கிராஞ்சித் தூண்களில் பெயர்கள் படைப்பிரிவு, பதவி, அதற்குள் அகரவரிசை என்ற ஒழுங்கில் இருக்கின்றன. தமிழன் என்ற தலைப்பு எங்கும் இல்லை. அடுத்தது எழுத்துக்கூட்டல். முனுசாமி, முனிசாமி, முனுஸ்வாமி மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். மூன்று ஆளாகவும் இருக்கலாம். தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். தகப்பன் பெயர் ஓர் ஏட்டில் முன்னால் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், மற்றொன்றில் ஒற்றை எழுத்தாகச் சுருங்கும். ஊர்ப் பெயரை நம்பலாமா என்றால் மாவட்டங்களே மாறிவிட்டன. சாப்பர்ஸுக்கு ஆள் எடுத்த வட ஆற்காடு இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று நான்காகக் கிடக்கிறது. ஆகவே பெயரில் தொடங்கும் தேடல் பெரும்பாலும் முட்டுச் சந்தில் முடியும். பிரிவு, படை எண், தகப்பன் பெயர், பழைய தாலுகா என்ற நான்கையும் முதலில் சேர்த்துக்கொண்டு பிறகு பெயருக்கு வருவதே வழி. வீட்டில் கிடக்கும் பழைய மணியார்டர் சீட்டும் குடும்ப ஓய்வூதிய உத்தரவும் இந்த இடத்தில் எந்த ஆவணக் காப்பகத்தையும்விட மேலானவை. படை எண் பெரும்பாலும் அங்கேதான் தப்பியிருக்கும்.

அதே பழைய வட ஆற்காட்டில்தான் செங்கம் இருக்கிறது. பல்லவர் காலத்து நடுகற்கள் அங்கே ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஆநிரை மீட்கப் போய்ச் செத்த ஒருவனைப் பற்றி அந்தக் கல் சொல்லும் செய்திகளைக் கவனித்தால் வியப்பு வரும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்தத் தலைவனின் சேவகன், எந்த ஊர்த் தொறுவில் (ஆநிரையில்), எவரை எதிர்த்து, என்ன பெயர் கொண்டவன் பட்டான் என்பதெல்லாம் சில வரிகளில் அடங்கும். செத்தவன் யார் என்பதோடு, எங்கே, எதற்காக, எவர் பொருட்டு என்பதையும் எழுதினால்தான் கல் நட்டதாகும் என்று நம் முன்னோர் நினைத்திருக்கிறார்கள். செங்கத்துக் காளைகளைத் தேடிப் போனவனுக்குக் கிடைத்த இந்தக் குறைந்தபட்ச விவரம், அதே மண்ணிலிருந்து பெங்களூரு போய்ப் பயிற்சி பெற்று, சாப்பர்ஸில் ‘தம்பி’ என்று அழைக்கப்பட்டு, கடல் கடந்து வந்தவனுக்குக் கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் ஒரு பேரரசு தந்தது பெயரும் எண்ணும் பிரிவும், மற்றவை விடுபட்டுவிட்டன. நடுகல் நட்டவர்கள் எல்லோருக்கும் நடவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு சாவைப் பதிவதற்கு என்னென்ன வேண்டும் என்ற அளவுகோலை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஐ.என்.ஏ. பக்கம் திரும்பினால் நிலைமை இன்னும் கனமானது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்த பிறகு மலாயா, சிங்கப்பூர்த் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். தோட்டத் தொழிலாளர், கடைச் சிப்பந்தி, துறைமுகக் கூலி, எழுத்தர் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் வந்தார்கள். அந்த அக்டோபரில் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தபோது பெண்களும் வந்தார்கள். இவர்களுக்கு ஷீட் ரோல் கிடையாது. இவர்களுக்காகக் கணக்குச் சொல்ல வேண்டிய அரசு 1945 ஆகஸ்டில் மறைந்துபோனது. 1945 ஜூலையில் நேதாஜி எஸ்பிளனேடில் அடிக்கல் நாட்டிய ஐ.என்.ஏ. வீரர் நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் செப்டம்பரில் தகர்த்தார்கள். அந்தச் சின்னம் பெயர் தெரியாத வீரனுக்காக எழுப்பப்பட்டது என்பதை இங்கே கருத வேண்டும். பெயர்ப்பட்டியலைக் கல்லில் ஏற்றக்கூட அவகாசம் இருக்கவில்லை. 1995இல் அந்த இடத்தில் ஒரு குறிப்புப் பலகை வந்தது. இந்தியாவில் 1972இல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் ஐ.என்.ஏ.வினரையும் ஏற்றது. ஆனால் ஓய்வூதியம் கேட்க விண்ணப்பதாரர் வேண்டும், ஆதாரம் வேண்டும், ஆதாரம் இல்லையென்றால் உடன் இருந்தவரின் சான்றிதழ் வேண்டும். குழந்தை குட்டி இல்லாமல் இருபது வயதில் பர்மாவில் விழுந்த தோட்டத்துப் பையனுக்காக யார் விண்ணப்பிப்பது?

இங்கே இரண்டாவது மறுப்பு எழும். பிரிட்டிஷ் மன்னரின் சேவையில் இருந்தவனையும் அவனை எதிர்த்து அணி மாறியவனையும் ஒரே தேடலில் சேர்ப்பது தவறு, போர்க் கல்லறை ஆணையத்தின் விதிகளே இதற்கு இடம் தராது என்பார்கள். விதியைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை, காமன்வெல்த் படைகளின் சேவையில் இறந்தவர்களே ஆணையத்தின் பொறுப்பு. ஐ.என்.ஏ.வினரின் பெயரைக் கிராஞ்சித் தூணில் ஏற்ற வேண்டும் என்பதும் என் வாதம் இல்லை. அவர்களில் பலர் அதை விரும்பியிருக்கவும் மாட்டார்கள். யாருக்கு எங்கே மரியாதை செய்வது என்பது வேறு, யாருக்கு என்ன நேர்ந்தது என்று அறிவது வேறு. போருக்குப் பின் திரும்பிய கைதிகளைப் பிரிட்டிஷ் விசாரணையாளர்கள் வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். திரும்பி வந்தவனைத்தான் அப்படிப் பிரிக்க முடிந்தது. வராதவன் எந்த நிறத்திலும் அடங்கவில்லை. 1942 பிப்ரவரி 15இல் காணாதவன் என்று எழுதப்பட்டவன் 1944இல் இம்பாலில் ஐ.என்.ஏ. சீருடையில் இறந்திருக்கலாம், ஒரு பதிவேட்டில் மன்னரின் வீரனாகவும் இன்னொன்றில் விடுதலைப் போரின் தியாகியாகவும் அவன் இருக்க வாய்ப்புண்டு. இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் 2019இல் ஐந்து தொகுதிகளாக நிறைவு செய்த தியாகிகள் அகராதியில் ஐ.என்.ஏ.வினர் இடம்பெறுகிறார்கள். ஆனால் அது இந்திய மாநிலவாரியாகப் பகுக்கப்பட்டது. சிரம்பானிலோ சிராங்கூனிலோ பிறந்த தமிழனுக்கு அதில் எது மாநிலம்? இரு பட்டியல்களையும் ஒன்றின் அருகில் ஒன்றை வைத்துப் படிக்காதவரை, இரட்டையாகப் பதிவானவர்களும் இரண்டிலும் விடுபட்டவர்களும் நமக்குத் தெரியப்போவதில்லை.

அருகருகே வைப்பது சொல்வதுபோல் எளிதன்று. 1947இல் நாடு பிரிந்தபோது ராணுவமும் பிரிந்தது. பட்டாளத்தோடு அதன் பாரம்பரியமும் அலுவலகமும் போயின. டோக்ரா வீரரான சிந்த் சிங்கின் பழைய ரெஜிமென்ட் பாகிஸ்தான் பங்குக்குப் போய்விட்டது. சாப்பர்ஸுக்குப் பெங்களூரு இருக்கிறது. மற்ற கோர்களின் பழைய சிப்பாய்களுக்கு வழி அத்தனை நேரானது இல்லை. அதிகாரிகளைப் பற்றிய காகிதங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் உள்ளன. காணாமல் போனோர் குறித்த விசாரணைக் கோப்புகள் அதே ஊரின் கியூ ஆவணக் காப்பகத்தில் ஒரு தனி வரிசையாகவே இருக்கின்றன. நியூ கினி விசாரணைச் சாட்சியங்கள் ஆஸ்திரேலியாவில். ஐ.என்.ஏ. தொடர்பான 990 கோப்புகளை இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் 1997இல் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தது. ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிய வாய்மொழி வரலாற்றைச் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 1980களிலிருந்து பதிவு செய்திருக்கிறது. தமிழிலும் பேட்டிகள் உண்டு. ஒரு சிப்பாயின் மூன்றாண்டு வாழ்க்கை ஐந்து நாடுகளில் சிதறிக் கிடக்கிறது. இவற்றை இணைக்கும் வேலைக்கு எந்த ஒரு நாடும் முழுப் பொறுப்பாளி ஆகாததால்தான், ஃபேரர் பார்க்கில் தொடங்கிய அந்தப் பிரிவு எண்பது ஆண்டுக்குப் பிறகும் நீடிக்கிறது. புவியியலின்படி பார்த்தால் இந்த வேலை சிங்கப்பூரின் மேல்தான் விழ வேண்டும் என்று நினைக்கிறேன். எல்லாப் பாதைகளும் புறப்பட்ட இடம் இது. தமிழைப் படிக்கவும் ஆங்கிலக் கோப்பைப் படிக்கவும் தெரிந்தவர்கள் ஒரே நூலகத்தில் உட்காரக்கூடிய ஊரும் இதுவே.

இணையத்தில் எல்லாம் வந்துவிட்டதே, இனி என்ன தடை என்று கேட்பவர்களும் உண்டு. வந்திருப்பது நன்மை; ஆனால் புதிய ஆபத்தும் அதோடு வந்திருக்கிறது. பெயரைத் தட்டினால் முப்பது பெருமாள்கள் வருவார்கள். அதில் ஒருவரின் ஊர் கொஞ்சம் ஒத்துப்போனால் ‘கிடைத்துவிட்டார்’ என்று மனம் துள்ளும். அந்தத் துள்ளலின் நியாயம் புரிகிறது. ஆயினும் தவறான ஒருவரை நம் தாத்தா என்று எடுத்துக்கொண்டால் உண்மையான இரண்டு பேரை மறுபடி தொலைக்கிறோம். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு ஆவணங்களாவது தகப்பன் பெயரிலும் ஊரிலும் ஒத்துப்போக வேண்டும். அதுவரை ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடுதான் எழுத வேண்டும். திருத்தத்துக்கு வழியும் இருக்கிறது. ஆதாரம் காட்டினால் ஆணையம் தன் பதிவேட்டை மாற்றுகிறது. முதல் உலகப்போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் பல்லாயிரம் பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், பெயரே இல்லாமல் விடப்பட்டவர்கள் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை இருக்கலாம் என்றும் அதே ஆணையம் 2021இல் தன் சொந்த அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அந்த அறிக்கை முந்தைய போரைப் பற்றியது. மலாயாவில் பெயர் இருக்கிறது, முடிவு இல்லை. இதற்கும் அதே நேர்மையோடு ஒரு கணக்கெடுப்பு தேவை. ஆதாரம் இல்லாத இடத்தில் பிப்ரவரி 15 என்று ஒற்றைத் தேதி போடாமல், அன்று முதல் 1945 ஆகஸ்ட் வரை என்று காலமாக எழுதலாம். ஆணையத்தின் பதிவு முறையிலேயே அதற்கு இடம் இருக்கிறது.

வெறும் தேதிக்காக இவ்வளவா என்ற கேள்வியைத் தமிழ்க் குடும்பத்தில் யாரும் கேட்கமாட்டார்கள். திதி கொடுக்க நாள் வேண்டும். 1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, சீனப் புத்தாண்டின் முதல் நாள். நம் கணக்கிலும் அன்று அமாவாசை, மாசி அமாவாசை. பதிவேட்டை நம்பி அந்த அமாவாசையன்று எள்ளும் தண்ணீரும் இறைக்கும் வீட்டில், அவர் அதற்குப் பிறகும் நீ சூனிலோ வெவாக்கிலோ பல மாதங்கள் உயிரோடு இருந்திருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. இறந்த நாள் தெரியாதவர்களுக்கென்று நம் வழக்கத்தில் மகாளய அமாவாசை ஒதுக்கப்பட்டிருக்கிறது. தெரியாது என்பதைத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு செய்யும் கடன் அது. பல வீடுகளில் 1945க்குப் பிறகும் அதைக்கூடச் செய்யாமல் காத்திருந்திருப்பார்கள். ஏழு ஆண்டுகள் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம் என்று அன்று நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் சொன்னது. பொட்டை எப்போது அழிப்பது என்று அது சொல்லவில்லை.